மணற்காடு வரை நடந்தே

யாழ்ப்பாணத்தில் வேண்டாத நாயைக் கொண்டுபோய் விடுவதற்கென்று ஒரு முறை இருந்தது. நாயைச் சாக்கினுள் போட்டு, சாக்கின் வாயைக் கட்டி, சைக்கிள் கரியரில் வைத்து, நாலைந்து மைல் தள்ளி ஏதாவதொரு சந்தையடியில் அல்லது மீன்வாடிப் பக்கம் அவிழ்த்து விடுவார்கள். சாக்கு எதற்கென்றால், நாய் வந்த வழியைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. நாய் வழியைக் கண்ணால் அறிவதைவிட மூக்கால்தான் அதிகம் அறிகிறது என்பது நம்மவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சாக்கு வேண்டியிருந்தது. விடப்போகும் நாயின் முகத்தை வழி முழுவதும் பார்த்துக்கொண்டு போக எவருக்கும் மனம் வராது அல்லவா?

பருத்தித்துறையில் இருந்த என் நண்பர் ஒருவர் இதற்கு முற்றிலும் மாறான ஒரு காரியத்தைச் செய்தார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். ஊரார் எல்லோருக்கும் போல எமக்கும் அவர் மாஸ்ரர்தான். மனைவி 2016இல் காலமானார். பிள்ளைகள் மூவரும் கனடாவில். "அப்பா, இனியும் தனிய இருக்கேலாது" என்று இரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி, 2018இல் அலுவல்கள் முடிந்து, பங்குனியில் பயணம் என்று முடிவாயிற்று. வீட்டை ஒருவாறு ஒழுங்கு செய்தார். புத்தகங்களைப் பாடசாலைக்குக் கொடுத்தார். கோழிகளை அயலவருக்குக் கொடுத்தார். எஞ்சியவை இரண்டு நாய்கள்: வீமன், கறுப்பி.

மணற்காட்டில் மாஸ்ரரிடம் படித்த ஒருவர் இருக்கிறார். இப்போது சம்மாட்டி, சொந்தமாகக் கரைவலையும் இரண்டு வள்ளங்களும் வைத்திருப்பவர். இரண்டு நாய்களையும் தானே பார்ப்பதாக அவர் முன்வந்தார். லான்ட்மாஸ்ரரில் வந்து ஏற்றிக்கொண்டு போவதாகவும் சொன்னார். மாஸ்ரர் சம்மதிக்கவில்லை.

"ஏத்திக்கொண்டு போனால் தூக்கி எறிஞ்சமாதிரி. நடத்திக்கொண்டு போவம். எங்கை போகினம், எவ்வளவு தூரம் எண்டு அதுகளுக்கும் தெரியவேணும். பிடிக்காட்டில் திரும்பி வரட்டும். வழி தெரியும்தானே" என்றார்.

"திரும்பி வந்தால் ஆர் இருக்கிறது அங்கை?" என்று கேட்டார் தபாலதிபர். மாஸ்ரர் பதில் சொல்லவில்லை.

இப்படித்தான் அந்த மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மாஸ்ரர், ஓய்வுபெற்ற தபாலதிபர், எங்கள் பத்திரிகையில் முன்னர் படப்பிடிப்பாளராக இருந்த தம்பி, நான் என நால்வர், இரண்டு நாய்களுடன் பருத்தித்துறை வெளிச்சவீட்டடியிலிருந்து புறப்பட்டோம். கடலோரமாக மணற்காடு பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் இருக்கும். இளவட்டங்கள் மூன்று மணித்தியாலத்தில் நடந்துவிடுவார்கள். எமக்கு நாள் முழுவதும் வேண்டியிருந்தது. எமது வயது ஒரு காரணம். மாஸ்ரர் அவசரப்பட விரும்பவில்லை என்பது மற்றொரு காரணம்.

மாசிக் கடைசி இக்கரையில் நடப்பதற்கு நல்ல காலம். வாடைக்காற்று ஓய்ந்து கடல் தணிந்திருக்கும். சோளகம் தொடங்க இன்னும் நாள் இருக்கும். 1916இல் கட்டப்பட்ட வெளிச்சவீடு பின்னால் நிற்க, கிழக்கு வெளுக்கும் நேரத்தில் முனைப் பக்கமாக நடந்தோம். இலங்கைத் தீவின் வட அந்தமான சக்கோட்டை முனை எமக்குப் பின்னால், மேற்கே. அங்கிருந்து இதுவரை கரை பெரும்பாலும் சுண்ணாம்புக் கல். முருகைக் கற்களும் பாறைத் தட்டுகளும். செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. வீமன் பாறைக்குப் பாறை தாவிக்கொண்டு போனான். கறுப்பி எப்போதும் மாஸ்ரரின் இடது காலுக்கு ஒரு சாண் பின்னால்தான் வருவாள். அவர் நின்றால் நிற்பாள். அவர் இருந்தால் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருப்பாள்.

சந்தைப் பக்கத்திலிருந்து மூன்றாவதாக ஒரு நாயும் சேர்ந்துகொண்டது. மண்ணிறம், ஒரு காது மடிந்தது, பெயரில்லாதது. தும்பளை தாண்டும்வரை பத்து யார் இடைவெளி விட்டு வந்தது. தபாலதிபர் கொண்டுவந்த பருத்தித்துறை வடையில் ஒன்றை உடைத்துப் போட்டதும் இடைவெளி இரண்டு யாராகக் குறைந்தது.

வீமன் என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. அந்த வீட்டில் இருந்த மூன்றாவது வீமன் இவன். முதலாவது வீமன் பிறந்தபோது வீமன் அல்லன், ரைகர். எண்பதுகளின் தொடக்கம்வரை யாழ்ப்பாணத்து வீடுகளில் நாய்க்கு ரைகர் என்று பெயர் வைப்பது ஜிம்மி, ரொமி என்று வைப்பதைப் போன்ற சாதாரண விடயம். பின்னர் அந்தச் சொல்லை வாசலில் நின்று உரத்துக் கூப்பிட இயலாத காலம் வந்தது. 1987 மே மாதம் 26ஆம் திகதி வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கிய பிறகு மாஸ்ரரின் மனைவி நாயின் பெயரை மாற்றினார். வீமன் என்று கூப்பிட்டால் நாய் திரும்பியும் பார்க்காது. ஒரு நாள் வீட்டைச் சோதனையிட வந்தவர்களைப் பார்த்து நாய் குரைக்க, அந்த அம்மா "வீமா, வீமா" என்று கத்த, நாய் அசையாமல் நிற்க, வந்த சிப்பாய்களில் ஒருவன் உடைந்த தமிழில், "அம்மா, உங்கட நாய்க்குக் காது கேக்காதா?" என்று இரக்கத்துடன் கேட்டானாம். "ஓம் தம்பி, பிறவிச் செவிடு" என்றாராம் அவர். நடக்கும்போது இதை மாஸ்ரர் சொல்லச் சொல்ல நாம் சிரித்தோம். பலமுறை கேட்ட கதைதான்.

கற்கோவளம் என்ற பெயரை வைத்தவர் யாரோ, கண்ணுள்ளவர். கோவளம் என்றால் கடலுக்குள் நீண்ட நிலம். கல் முடியும் இடமும் ஏறக்குறைய இதுதான். இதற்குத் தெற்கே கரை திரும்பி, மணலாகிவிடுகிறது. அங்கே போய்ச் சேர எட்டு மணி தாண்டிவிட்டது. கரைவலை ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. கரைவலை இழுப்பதை ஒருநாளாவது பார்க்காதவர்களுக்கு அதன் நீளம் பிடிபடாது. வள்ளத்தில் ஏற்றிச் சென்று கடலில் பெரிய வளைவாக வலையை இறக்கி, இரண்டு அந்தத்துக் கயிறுகளையும் கரைக்குக் கொண்டுவந்து, இரு பக்கமும் ஆட்கள் நின்று மணிக்கணக்கில் இழுப்பார்கள். இப்போது பல இடங்களில் ஆட்களுக்குப் பதிலாக உழவு இயந்திரம் இழுக்கிறது. அதனால் கரை கெடுகிறது, கூலியாட்களின் பிழைப்புப் போகிறது என்று எதிர்ப்பும் உண்டு. அன்று நாம் கண்டது ஆட்கள் இழுத்த வலை.

வலையைக் கண்டதும் கற்கோவளத்து நாய்களும் எம்மைக் கண்டன. ஏழெட்டு இருக்கும். ஒரே வரிசையாக வந்து நின்றன. கடற்கரை நாய்களின் ஆட்சி எல்லைகளை அன்றுதான் நான் சரியாகக் கவனித்தேன். ஒவ்வொரு வாடிக்கும் ஒரு கூட்டம். ஒரு கூட்டத்தின் எல்லை இழுத்து வைத்த வள்ளத்தடியில் முடியும். அடுத்த கூட்டத்தின் எல்லை அடுத்த கொட்டிலடியில் தொடங்கும். இடையில் கொஞ்சம் சூனியப் பிரதேசம். எல்லையில் அந்நிய நாய் வாலைத் தாழ்த்தி நின்று, மோந்து பார்க்க இடம் கொடுக்க வேண்டும். கறுப்பி கொடுத்தாள். பெயரில்லாத நாய் மல்லாந்து படுத்தே கொடுத்தது. வீமன் கொடுக்கவில்லை. பிறகு நடந்ததை விவரிக்கத் தேவையில்லை, வலைக்காரர் ஒருவர் "அடிக்!" என்று தடியுடன் ஓடிவந்திராவிட்டால் வீமனின் மற்றக் காதும் கிழிந்திருக்கும்.

மடி கரைக்கு வந்தது. சூடை, காரல், கொஞ்சம் நெத்தலி. பேத்தை மீன்கள் சிலவற்றை மணலில் எறிந்தார்கள். பந்துபோல ஊதிக் கிடந்த அவற்றை அவ்வூர் நாய்கள் எட்டியும் பார்க்கவில்லை. நஞ்சு என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. வீட்டு நாயான வீமன் ஓடிப்போய் ஒன்றை வாயில் கவ்வினான். மாஸ்ரர் பாய்ந்து விழுந்து அதன் தாடையைத் திறந்து மீனைப் பறித்தார். எழுபத்திரண்டு வயது மனிதர் அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நாயின் வாயைக் கடல்நீரால் கழுவியபின் அவர் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் நடந்தார். பிறகு, "உது அங்கை போய் என்னத்தைத் தின்னப் போகுதோ" என்று மட்டும் சொன்னார்.

கற்கோவளத்துக்கு அப்பால் ஆள் நடமாட்டம் குறைவு. ஈரமணலில் நடப்பது சுகம். அடம்பன் கொடி படர்ந்த மேடுகளில் ஊதாப் பூக்கள். இராவணன் மீசைப் புல்லின் உருண்டைகள் காற்றில் மணலைத் தொட்டுத் தொட்டு ஓட, வீமன் அவற்றைத் துரத்தினான். இப்படி நாம் கைவீசி நடந்த இதே கரையில், போர்க்காலத்தில், முட்கம்பியும் மண்மூடை அடுக்கிய காவலரண்களும் இருந்தன. மீன்பிடிக்கப் போக அனுமதி அட்டை வேண்டும். போகும் நேரம் வேறு, வரும் நேரம் வேறு, இயந்திரத்தின் வலு இவ்வளவு என்று கட்டுப்பாடுகள். 2009க்குப் பின்னரே அவை படிப்படியாகத் தளர்ந்தன. படப்பிடிப்பாளர் தம்பி இக்கரையோரத்தில் பிறந்தவர். தமது பதினைந்து வயதிலிருந்து முப்பது தாண்டும்வரை, கடல் இரைச்சல் வீட்டுக்குக் கேட்க, கடலில் கால் நனைக்காமல் இருந்தவர். எங்கள் பத்திரிகைக்காக ஆயிரக்கணக்கில் படமெடுத்த அவர் அன்று கமராவைக் கொண்டுவரவில்லை. ஏனென்று கேட்டதற்கு, "இண்டைக்கு வேலை இல்லை அண்ணை, நடக்கத்தான் வந்தனான்" என்றார்.

அக்காலத்தில் நாய்கள் கம்பிக்கு அடியால் போய்வந்தன. காவலரணில் சோறு, வீட்டில் படுக்கை என்று இரு தரப்பிலும் உறவு வைத்திருந்த நாய்கள் வடமராட்சியில் பல.

வல்லிபுரக் கோயிலுக்குக் கரையிலிருந்து உள்ளே மணலில் நடக்க வேண்டும். பத்தரை மணி வெயிலில் அந்த மணல் எம்மை வதைத்துவிட்டது. ஆழ்வார் கோயிலில் மூலவராக வழிபடப்படுவது திருவுருவமன்று, சக்கரம். புரட்டாதித் திருவிழாவின் கடல் தீர்த்தத்துக்கு வரும் சனம் மட்டும் கணக்கற்றது. 1936இல் பொன்னேடு கிடைத்ததும் இவ்வூரில்தான். அதன் வாசகத்தை வைத்து அறிஞர்கள் எவ்வளவு சண்டை பிடித்திருக்கிறார்கள் என்பதை, அந்தக் கட்டுரைகளைப் பத்திரிகையில் பார்த்துப் பார்த்து ஒப்புநோக்கியவன் என்ற முறையில் நன்கறிவேன். இங்கே கிடைத்த புத்தர் சிலை 1906இல் சீயம் நாட்டு அரசருக்கு ஆங்கிலேய ஆளுநரால் அன்பளிப்பாகக் கொடுக்கப்பட்டது. ஆக, இந்த மணலில் கண்டெடுத்தவை எல்லாம் இந்த மணலில் நிலைத்ததில்லை.

நாய்களுக்குக் கோயிலினுள் இடமில்லை. மற்றவர்கள் கும்பிடப் போக, நான் அவற்றுடன் வெளியே மரநிழலில் இருந்தேன். நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்த பெரியவர், "வைரவற்றை வாகனமெல்லோ, குடிக்கட்டும்" என்றார். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் மரத்தடிக்கு மரத்தடி ஒரு சூலத்தை நட்டு வைரவரை வைத்திருக்கிறோம். அவருடைய வாகனத்துக்கு ஒரு வாளி தண்ணீர் வைப்பவர்கள்தான் குறைவு. கட்டிக்கொண்டு வந்த புட்டையும் மீன்குழம்பையும் அந்த நிழலிலேயே சாப்பிட்டோம் என்று எழுத ஆசைதான். ஆனால் கோயிலடியில் மீன் ஆகாது. கரைப் பக்கம் திரும்பி வந்து, வடலி நிழலொன்றில் சாப்பிட்டோம்.

சாப்பிட்டுவிட்டுச் சரிந்து படுத்திருந்தபோதுதான் 1995ஐப் பற்றிய பேச்சு வந்தது. தபாலதிபர் தொடக்கினார். அந்த வருடம் ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் மொத்தமாக வெளியேறியதைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. நானும் எழுதியிருக்கிறேன். மழை, இருட்டு, செம்மணி வெளி, நாவற்குழிப் பாலத்தில் அடி அடியாக நகர்ந்த சனம். எழுதப்படாமல் போனவற்றில் ஒன்று நாய்கள். சைக்கிள்களுக்குப் பக்கத்தில் பக்கத்தில் அவையும் வந்தன. நெரிசலில் வழிதவறின. பாலத்தை நெருங்க நெருங்க அவற்றின் தொகை குறைந்தது. எனக்கு முன்னால் போன குடும்பத்தில் ஒரு சிறுமி "எங்கட நாயைக் காணேல்லை" என்று அழுதுகொண்டே வந்தாள். தகப்பன், "அது வீட்டுக்குக் காவல் நிக்கும்" என்று சொன்னார். அந்த வாக்கியத்தை அன்றிரவு எத்தனை தகப்பன்மார் எத்தனை பிள்ளைகளுக்குச் சொன்னார்களோ.

வடமராட்சிக்கு வந்து மாஸ்ரர் வீட்டுத் திண்ணையில் தங்கியவர்களில் நானும் ஒருவன். ஆறு குடும்பங்கள் இருந்தோம். முதல் வீமன் அப்போது கிழவன். வந்தவர்களின் சாரங்களையும் சேலைகளையும் இரவிரவாக மோந்து மோந்து பார்த்தது. அவற்றில் எத்தனை வீட்டு நாய்களின் மணம் இருந்திருக்கும்!

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மாஸ்ரர் எழுந்து மணலைத் தட்டினார். "அப்ப வெடி. இப்ப ஆர் என்னைக் கலைக்கினம்?" என்றார். யாரும் பேசவில்லை. பிள்ளைகளிடம் போகிற மனிதனுக்குச் சொல்வதற்கு ஆயிரம் சமாதானங்கள் உண்டு. அவற்றை நாங்கள் முன்னரே சொல்லி முடித்திருந்தோம். என்னைக் கேட்டால், போனதில் பிழையில்லை. பருத்தித்துறையில் மகனோ மகளோ இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு காய்ச்சலில் கிடந்த முதியவர்களை எனக்குத் தெரியும்.

மூன்று மணிக்குப் பின் மறுபடியும் நடந்தோம். மணற்காட்டின் மணல்மேடுகள் தூரத்தில் வெள்ளையாகத் தெரியத் தொடங்கின. புதிதாகப் பார்ப்பவர் பாலைவனம் என்று மயங்குவார். காற்று மணலை நகர்த்திக்கொண்டே இருக்கும். பழைய அந்தோனியார் கோயில் மணலுள் புதைந்து, சுவர்களின் எச்சம் மட்டும் வெளியே நிற்கிறது. மணலைக் கட்டிவைக்க நட்ட சவுக்கங்காட்டில் நுழைந்ததும் கடலிரைச்சலும் மரத்தின் இரைச்சலும் ஒன்றாகிவிட்டன. அதற்குள் வந்தவுடன் பெயரில்லாத நாய் முன்னால் ஓடத் தொடங்கியது, தன் சொந்த ஊருக்கு வந்ததைப்போல. காற்று நகர்த்தும் மணல் போதாதென்று லொறிகளில் களவாக மணல் அள்ளுவோரும் இப்பகுதியில் இருக்கிறார்கள். மேடு தாழ்ந்தால் கடல் எவ்வளவு கிட்ட வரும் என்பதை 2004 மார்கழி 26ஆம் திகதி காலை பார்த்த ஊர் இது.

சம்மாட்டி எமக்காகக் காத்திருந்தார். ஒடியற் கூழ் காய்ச்சி வைத்திருந்தார்கள். பிளாவில் ஊற்றி ஊற்றித் தந்தார் அவருடைய தாயார். நண்டும் மீனும் பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் போட்ட கூழின் காரத்தில், நடந்த களைப்பு நெற்றி வேர்வையாக இறங்கியது. தபாலதிபர், அவருக்கே உரிய முறையில், கேட்கக் கூடாததைக் கேட்டார்.

"சுனாமிக்கு முதல் நாயள் அறிஞ்சு ஓடினதெண்டு கதைக்கிறாங்கள், உண்மையோ?"

சம்மாட்டி பிளாவைக் கீழே வைத்தார். "எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம் ஐயா. எங்கட நாய் கரையிலைதான் கிடந்தது. அதுவும் போச்சு." பிறகு, தன் தாயார் உள்ளே போனதைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி அதைத் தூக்கத்தான் ஓடினவள்" என்றார்.

அதன் பிறகு அந்த வீட்டில் நாய் வளர்க்கவில்லையாம். பதின்மூன்று வருடம். மாஸ்ரர் கேட்டபோது தாயார்தான் முதலில் சரி என்றாராம். இந்த விபரம் மாஸ்ரருக்கும் அன்றுதான் தெரிய வந்தது. அவர் எழுந்து போய் முற்றத்தில் வீமனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். தடுப்பூசி போட்ட அட்டைகள் இரண்டையும் சட்டைப்பையிலிருந்து எடுத்துச் சம்மாட்டியிடம் கொடுத்தார். கறுப்பிக்கு இடி முழக்கம் என்றால் பயம், கட்டிலுக்குக் கீழே விடவேண்டும் என்றார். வீமனுக்குப் பேத்தை கொடுக்கக் கூடாது என்றார். "சேர், கடற்கரைக்காரனுக்கு உதைச் சொல்லுறியளோ" என்று அவர் சிரித்தார். மாஸ்ரரும் சிரித்தார்.

நாய்களைக் கட்டவில்லை. மாஸ்ரர் கட்ட விடவில்லை. இருட்டும் நேரத்தில் சம்மாட்டியின் லான்ட்மாஸ்ரரில் நாங்கள் ஏறினோம். வீமன் மீன்தலையொன்றுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கறுப்பி படலைவரை வந்து, நின்று, மாஸ்ரரைப் பார்த்தாள். அவரும் பார்த்துக்கொண்டே இருந்தார். குடத்தனைச் சந்திவரை அவர் முகத்தைத் திருப்பவில்லை.

மாஸ்ரர் பங்குனி நடுப்பகுதியில் போய்விட்டார். அவர் போய் நான்காம் நாள், பருத்தித்துறை வீட்டுப் படலையடியில் கறுப்பி படுத்திருப்பதைத் தபாலதிபர் கண்டார். கால் நான்கும் புண். சம்மாட்டி வந்து ஏற்றிக்கொண்டு போனார். ஒன்பதாம் நாள் மறுபடியும் வந்தாள். மூன்றாம் முறை சம்மாட்டி மோட்டார் சைக்கிளில் வந்து, படலையடியில் கொஞ்ச நேரம் நின்று, தபாலதிபரிடம், "அது தன்ர வீட்டிலை நிக்கட்டும் ஐயா. மீன் நான் கொண்டந்து தாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி கொண்டுவந்தும் கொடுத்தார். வீமன் திரும்பி வரவே இல்லை. அவனுக்கு மணற்காடு பிடித்துவிட்டது. வள்ளம் இழுக்கும்போது முன்னால் நின்று குரைப்பது தன் வேலை என்று எடுத்துக்கொண்டான். அன்று எங்களுடன் வந்த பெயரில்லாத நாயும் அங்கேயே தங்கிவிட்டது. சம்மாட்டியின் தாயார் அதற்கு மாஸ்ரர் என்று பெயர் வைத்திருக்கிறார்.

மாஸ்ரர் ஞாயிறுகளில் ரொறன்ரோவிலிருந்து தபாலதிபருக்குத் தொலைபேசி எடுப்பார். படலையைப் பூட்ட வேண்டாம், கொளுவி மட்டும் போடுங்கோ என்பார். தபாலதிபர் கொளுவியும் போடுவதில்லை. பின்னேரங்களில் சோற்றுக் கிண்ணத்துடன் சைக்கிளில் போவார். திண்ணையில் கறுப்பி எழுந்து வாலாட்டுவாள், ஆனால் சாப்பிட வரமாட்டாள். அவர் கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பும்வரை தெருவையே பார்த்துக்கொண்டிருப்பாள்.